சாளையைப் பார்த்துத் தோட்டம் வாங்காதீர்!

கோவை, திருப்பூர், ஈரோடு போன்ற நகரங்களை ஒட்டிய கிராமங்களில், பழைய ஓட்டுச் சாளையோடு ஒன்று, இரண்டு ஏக்கர் தோட்டங்கள் விலைக்கு வருவது இப்போது சகஜம். பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். பெரியவர்கள் காலமானதும் விற்றுவிடுகிறார்கள். இருக்கிற மானாவாரிக் காட்டை விற்று, மேற்கொண்டு கடனும் வாங்கி இதை வாங்க நினைக்கும் சிறு விவசாயிகள் உண்டு. "வீடும் ஆச்சு, வெள்ளாமையும் ஆச்சு" என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் பார்க்கிற வரிசை தவறினால் இரண்டும் போய்விடும்.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். கிணற்றைச் சித்திரை, வைகாசியில் எட்டிப் பாருங்கள். ஐப்பசி மழையில் பார்த்தால் உண்மை தெரியாது. கூட்டுக் கிணறானால் நம் பங்கு எவ்வளவு, எந்தெந்த நாள் நம் முறை என்பது பத்திரத்தில் வர வேண்டும். பம்புசெட் இணைப்பு யார் பெயரில் உள்ளது என்றும் கேளுங்கள். விவசாயத்திற்கான இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுக்கக் கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு வேண்டும்.

இரண்டாவது பாதை. "காலங்காலமாகப் பக்கத்துக் காட்டு வழியாகத்தான் வண்டி போகிறது" என்ற வாய்ச்சொல் போதாது. புல வரைபடத்தில் பாதை இருக்கிறதா, இல்லையென்றால் பத்திரத்தில் தடப் பாத்தியம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது கையெழுத்து. 30 ஆண்டுக்காவது வில்லங்கம் போட்டுப் பார்ப்பது நல்லது. பூர்வீகச் சொத்தில் பெண் மக்களுக்கும் பங்கு உண்டு. 1989இல் தமிழ்நாட்டிலும், 2005இல் நாடு முழுவதற்கும் இதற்குச் சட்டத் திருத்தம் வந்தது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டால் பின்னால் வழக்கு வரும்.

சாளையைக் கடைசியில் பாருங்கள். பனங்கைகளைத் தட்டிப் பாருங்கள். கரையான் அரித்திருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். கட்டை நன்றாக இருந்தால் ஓடு மாற்றிக் குடியிருக்கலாம். மண் சுவருக்குச் சிமெண்டு பூசாதீர்கள். ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு கழன்று விழும். சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும்.

"இடித்துவிட்டு மாடி கட்டலாம்" என்று தரகர் ஆசை காட்டுவார். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் கட்டினார். கிணற்றை ஆழப்படுத்த வைத்திருந்த பணம் கட்டடத்தில் போயிற்று. அடுத்த கோடையில் வைத்த தென்னம்பிள்ளைகள் காய்ந்தன. இன்று மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு கூலி வேலைக்குப் போகிறார். "மனை போட்டு விற்றுக்கொள்ளலாம்" என்பதையும் நம்ப வேண்டாம். அனுமதியில்லாத புதிய மனைப்பிரிவுகளைப் பதிவு செய்ய 2016 முதல் தடை உண்டு.

ஆகவே, விலை பேசும்போது நிலத்துக்கும் தண்ணீருக்கும் விலை பேசுங்கள். பழைய சாளைக்கு அதன் ஓட்டுக்கும் மரத்துக்கும் உள்ள விலை போதும். கையில் மிஞ்சும் பணம் முதலில் கிணற்றுக்குப் போகட்டும். நாலு வெள்ளாமை எடுத்த பிறகு வீடு கட்டிக்கொள்ளலாம்.