ஒருவன் விலையும் ஓர் அணியின் வெற்றியும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. ஆயின், அச்சாணியைப் பொன்னால் செய்து முடித்துவிட்டுச் சக்கரம் வாங்கக் காசில்லாமல் தெருவில் நிற்பவனை என்னென்று சொல்வது? அமெரிக்கக் காற்பந்து உலகில் இன்று பல அணிகளின் உரிமையாளர்கள் இந்த நிலையில்தான் நிற்கின்றனர். செல்வத்தில் குறைவில்லாத அவர்கள், பகுத்தறிந்து செலவிடும் திறத்தில் மட்டும் ஏழைகளாய் இருக்கின்றனர்.

அமெரிக்கக் காற்பந்து, நம் பக்கத்து நாடுகளில் ஆடப்படும் காற்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் எதிரணியின் எல்லையை நோக்கி முன்னேறும் ஆட்டம் அது. ஒரு பக்கத்திற்குப் பதினொருவர். தாக்குதலுக்கு ஒரு பிரிவும் தடுப்புக்கு ஒரு பிரிவும் தனித்தனியே உண்டு. தாக்குதல் பிரிவின் நடுநாயகமாக நின்று, பந்தைப் பெற்று, அதனை எவரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று இமைப்பொழுதில் முடிவு செய்பவரே குவார்ட்டர்பேக். அவர் பிழை செய்தால் அணி தடுமாறும். இதை மறுப்பார் இல்லை. ஆனால் அவர் ஒருவரே அணி என்று சொல்வதைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே அறிய வேண்டிய அடிப்படை உண்மை ஒன்று உண்டு. தேசியக் காற்பந்துச் சங்கம் எனப்படும் அவர்களின் தொழில்முறை அமைப்பு, 1994ஆம் ஆண்டில் சம்பள உச்சவரம்பு என்னும் விதியைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு ஓர் அணி தன் ஆட்டக்காரர் அனைவருக்கும் சேர்த்துச் செலவிடக் கூடிய தொகை 3 கோடியே 46 இலட்சம் அமெரிக்க வெள்ளி. 2024இல் அது 25 கோடியே 54 இலட்சம் வெள்ளியாக வளர்ந்தது. வரம்பு எத்துணை வளர்ந்தாலும் அது வரம்புதான். ஐம்பத்து மூவர் பங்கிட்டுக்கொள்ளும் ஒரே பானைச் சோறு அது. ஒருவர் இலையில் கூடுதலாக விழும் ஒவ்வொரு பிடியும் மற்றொருவர் இலையில் குறைந்தே தீரும்.

இந்த எளிய கணக்கை மறந்தவர்களின் வரலாறு நீண்டது. 2013 பிப்ரவரியில் பால்டிமோர் ரேவன்ஸ் அணி சூப்பர் பௌல் என்னும் இறுதி ஆட்டத்தில் வெற்றி பெற்றது. அதன் குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோவுக்கு ஆறாண்டுக்கு 12 கோடியே 6 இலட்சம் வெள்ளி எழுதிக் கொடுக்கப்பட்டது. அடுத்து நடந்தது என்ன? அவர் எறிந்த பந்துகளைப் பிடித்து வெற்றிக்குத் துணைநின்ற ஆங்குவான் போல்டின், சம்பளச் சுமையைக் குறைக்கும் பொருட்டு வேறோர் அணிக்கு மாற்றப்பட்டார். அந்தப் பருவத்தில் ரேவன்ஸ் எட்டு ஆட்டங்களில் வென்று எட்டில் தோற்று, அடுத்த சுற்றுக்கே செல்லாமல் ஒதுங்கியது.

டென்வர் பிராங்கோஸ் அணியின் கதை இதனினும் கொடிது. 2022இல் ரஸல் வில்சனை வாங்கிய அவ்வணி, அவர் தன் சீருடையில் ஓர் ஆட்டமும் ஆடுவதற்கு முன்னரே ஐந்தாண்டுக்கு 24 கோடியே 50 இலட்சம் வெள்ளியில் ஒப்பந்தத்தை நீட்டித்தது. அந்தப் பருவத்தில் பதினேழு ஆட்டங்களில் ஐந்தில் மட்டுமே வென்றது. 2024 மார்ச்சில் அவர் விடுவிக்கப்பட்டார். ஆள் போனார், கணக்குப் போகவில்லை. முன்பணத்தைப் பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்தெழுதும் வழக்கத்தால், ஆடாத ஒருவருக்காக 8 கோடியே 50 இலட்சம் வெள்ளி அணியின் உச்சவரம்புக் கணக்கில் ஏறியது. அதே 2024இல், புதுமுகத் தேர்வில் பன்னிரண்டாவதாக எடுக்கப்பட்ட போ நிக்ஸ் என்னும் இளைஞரைக் கொண்டு டென்வர் பத்து ஆட்டங்களில் வென்று அடுத்த சுற்றுக்குச் சென்றது. கோடிகளால் வாங்க முடியாததை நிதானம் வாங்கித் தந்தது.

உரிமையாளர்கள் ஏன் இவ்வாறு செய்கின்றனர்? அறியாமை என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் சலுகையாகும். உண்மைக் காரணம் அச்சம். இருப்பவரை இழந்தால் நல்லவர் கிடைப்பாரோ மாட்டாரோ என்னும் அச்சம். நாளேடுகள் பழிக்கும், இரசிகர் கூட்டம் கூச்சலிடும் என்னும் அச்சம். அதனால் தகுதி பார்த்து விலை சொல்லாமல், கடைசியாக விற்ற விலைக்கு மேல் விலை சொல்கின்றனர். 2024 செப்டம்பரில் டாலஸ் கௌபாய்ஸ் அணி டாக் பிரெஸ்காட்டுக்கு நான்காண்டுக்கு 24 கோடி வெள்ளி, அதாவது ஆண்டொன்றுக்கு 6 கோடி, கொடுக்க இசைந்தது. அதற்கு முந்திய எட்டுப் பருவங்களில் அவர் தலைமையில் அவ்வணி ஒரு முறையேனும் அரையிறுதியை எட்டியதில்லை. அவர் திறமை இல்லாதவர் அல்லர்; உழைக்காதவரும் அல்லர். ஆனால் நல்லவருக்கும் மிகச் சிறந்தவருக்கும் ஒரே விலை சொல்லும் சந்தையில் ஏமாறுபவர் வாங்குபவரே. அந்தப் பருவத்தின் நடுவிலேயே அவர் காயமுற்று விலக நேர்ந்தது. அணி ஏழு ஆட்டங்களில்தான் வென்றது. காயம் விதியின் செயலாக இருக்கலாம். ஒருவர் விழுந்தால் அணியே விழும்படி அமைத்தது விதியின் செயலன்று.

இதைக் கண்டு மறுகோடிக்கு ஓடுவாரும் உளர். குவார்ட்டர்பேக்குக்கு அதிகம் கொடுத்தால் பட்டம் கிடைக்கவே கிடைக்காது என்பது அவர்கள் வாதம். அதற்குச் சான்றும் காட்டுவர். 1994ஆம் ஆண்டுப் பருவத்தில் வென்ற ஸ்டீவ் யங் உச்சவரம்பில் 13.1 விழுக்காடு பெற்றார். அதனை விஞ்சிய பங்கு பெற்ற எவரும் நெடுங்காலம் பட்டம் வெல்லவில்லை. மேலும், 2011இல் புதுமுகங்களின் ஊதியம் கட்டுப்படுத்தப்பட்ட பின் மலிவான இளைஞரைக் கொண்டு வெல்லும் வழி திறந்தது. 2014 பிப்ரவரியில் சியாட்டல் சீஹாக்ஸ் அணி 43-8 என்ற கணக்கில் வென்றபோது, பின்னாளில் டென்வரில் கோடிகள் பெற்ற அதே வில்சன், ஆண்டுக்குப் பத்து இலட்சம் வெள்ளிகூடப் பெறவில்லை. மிச்சப்பட்ட பணம் வலிமையான தடுப்புப் பிரிவாக உருவெடுத்திருந்தது.

சான்றுகள் மெய்யே, முடிவு மெய்யன்று. 2023 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் வென்றபோது, பேட்ரிக் மஹோம்ஸின் பங்கு உச்சவரம்பில் 17.2 விழுக்காடு. நெடுங்கால விதி ஒரே இரவில் உடைந்தது. அது தானாக உடையவில்லை. பந்து பிடிப்பதில் புகழ்பெற்ற டைரீக் ஹில்லை, பருவம் தொடங்கும் முன்னரே வேறு அணிக்கு அனுப்பி, அதற்கு ஈடாகப் பெற்ற தேர்வுரிமைகளைக் கொண்டு இளைஞர்களைச் சேர்த்தது அவ்வணி. தேர்வின் இறுதிச் சுற்றில் எடுக்கப்பட்ட ஐசாயா பச்சேகோ போன்ற புதுமுகங்களை நம்பிக் களத்தில் இறக்கியது. பெருவிலை கொடுத்தவர்கள், மற்ற இடங்களில் நுண்ணறிவைச் செலவிட்டார்கள். விலை குற்றமன்று, விலை கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று உறங்குவதே குற்றம்.

அந்த மஹோம்ஸே 2025 பிப்ரவரியில் கற்பித்த பாடம் இன்னும் பெரிது. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவரைக் காக்க நின்ற முன்வரிசை சரிந்தது. ஆறு முறை அவர் பந்தோடு வீழ்த்தப்பட்டார். அணி 40-22 என்று தோற்றது. உலகின் தலைசிறந்த கை இருந்தும், அந்தக் கை பந்தை எறிய இரண்டு நொடி வாங்கித் தரும் தோள்கள் இல்லை. எதிரே நின்ற ஈகிள்ஸ் அணியின் ஜேலன் ஹர்ட்ஸும் பெரும் ஊதியக்காரரே. 2023இல் அவருக்கு எழுதப்பட்டது 25 கோடியே 50 இலட்சம் வெள்ளி. ஆனால் அச்சுமையை வரும் ஆண்டுகளுக்குத் தள்ளி வைத்து, அவ்விடைவெளியில் அணியின் முன்வரிசைகளையும் தடுப்பையும் அவர்கள் உரமாக்கிக் கொண்டனர். தள்ளி வைத்ததும் கடன்தான். ஒருநாள் கட்டியாக வேண்டும். எனினும் விதைநெல் வாங்கப் பட்ட கடனும் விருந்துக்குப் பட்ட கடனும் ஒன்றாகா. அவர்களின் முன்வரிசைக் காவலர் ஜோர்டன் மைலாட்டா, ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடி வந்தவர். 2018இல் கடைசிச் சுற்றில் எடுக்கப்படும்வரை அமெரிக்கக் காற்பந்து ஆட்டம் ஒன்றிலும் அவர் ஆடியதில்லை. அவரைப் பொறுமையாகப் பயிற்றுவித்து வளர்த்த பயிற்றுநரின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

தலைவர் தம் ஊதியத்தைத் தாமே குறைத்துக்கொள்ள வேண்டும் என்பாரும் உண்டு. டாம் பிரேடி சந்தை விலையினும் குறைவாகப் பெற்றதைச் சான்று காட்டுவர். அது பாராட்டத்தக்கதே. ஆயினும், ஒருவரின் பெருந்தன்மையை நம்பி அணி அமைப்பது திட்டமன்று, பிச்சை. உடலை வருத்தி ஆடுபவர் தம் உழைப்புக்குக் கேட்பதில் பிழையில்லை. கேட்பவருக்குக் கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது, கொடுத்தபின் எஞ்சியதைக் கொண்டு என்ன செய்வது என்று எண்ண வேண்டியவர் உரிமையாளர். அந்தப் பொறுப்பை ஆட்டக்காரர் தலையில் சுமத்துவது கோழைத்தனம்.

வெற்றிக்கிண்ணத்தை ஏந்திய படத்தில் ஒரு முகமே தெரியும். அந்த ஒரு முகத்தின் விலையை மட்டும் பேசுவோர் படத்தைப் பார்க்கின்றனர், ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு முன்னே குனிந்து நின்று அடிதாங்கிய ஐவரின் பெயரைச் சொல்லத் தெரிந்தவரே அணி அமைக்கத் தகுதி உடையவர்.