பட்டியல் யார் கையில்?

"அமெரிக்காவிலே இருக்கிறதாமே, இங்கே ஏன் இல்லை?"

சோழவரத்துத் தோழர் ஒருவர் கேட்டார். இரவு ஷிப்டு முடிந்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, ஜி.என்.டி. சாலை ஓரத்து டீக்கடையில் நின்றபடி கேட்டார். கையிலே செல்போன். அதிலே ஏதோ ஓர் அமெரிக்க ஊரின் வரைபடம். படம் நெடுகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீடு. அந்த வீட்டிலே, பெண்ணையோ பிள்ளையையோ சீரழித்துத் தண்டனை பெற்றவன் ஒருவன். புள்ளியைத் தொட்டால் போதும், அவன் பெயர், படம், முகவரி, செய்த குற்றம் எல்லாம் வந்து நிற்கின்றன.

"எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். எனக்கு ராத்திரி வேலை, வீட்டிலே அவளுக்குப் பகல் வேலை. பக்கத்து லைன் வீட்டுக்கு யார் குடிவருகிறான் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?"

தெரியத்தான் வேண்டும். 2025 ஜூலையில் ஆரம்பாக்கத்திலே பள்ளிவிட்டு நடந்துபோன ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையை இந்த வட்டாரம் மறந்துவிடவில்லை. கேமராப் படம் ஊரெல்லாம் சுற்றியது; ஆள் பிடிபட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் திருவள்ளூர் மாவட்டத்துத் தாய்மார்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்! தோழர் கேட்டது பயத்திலே கேட்ட கேள்வி. அந்தப் பயம் நியாயமானது.

ஆனால், "இங்கே இல்லை" என்றாரே, அது தவறு. இங்கேயும் இருக்கிறது.

2018 செப்டம்பர் 20ஆம் நாள், டில்லியில் உள்துறை அமைச்சகம் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கிற்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதை வைத்திருக்கிறது. கற்பழிப்பு, கூட்டுக் கற்பழிப்பு, போக்சோ குற்றங்கள், பெண்களைச் சீண்டுதல் ஆகியவற்றில் 2005 முதல் தண்டனை பெற்றவர்களின் பெயர், முகவரி, படம், விரல்ரேகை அதில் ஏறியுள்ளன. தொடங்கிய அன்றே 4,40,000 பதிவுகளுக்கு மேல். ஒரு குற்றம் நடந்தால், முன்பு அதே குற்றத்தைச் செய்து தண்டனை அனுபவித்தவன் அந்தப் பக்கத்தில் இருக்கிறானா என்று காவல்துறை தேடிப் பார்க்கலாம். காவல்துறைதான் பார்க்கலாம், நீங்களும் நாமும் பார்க்க முடியாது. அமெரிக்கப் பட்டியலுக்கும் நம் பட்டியலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

பட்டியல் நமக்குப் புதிதன்று. காவல் நிலையத்தில் சரித்திரப் பதிவேடு காலங்காலமாய் உண்டு. 'கேடி' என்று திட்டுகிறோமே, அதுவும் அந்த ஏட்டில் எழுதிவைத்த இரண்டு ஆங்கில எழுத்துகள் வீதிக்கு இறங்கி வந்த கதைதான்.

அமெரிக்கா எப்படி இந்த இடத்துக்கு வந்தது? கலிபோர்னியா மாநிலம் 1947இலேயே இப்படிப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டது. அப்போது அது போலீசார் பார்க்கும் ஏடு. 1994இல் நியூ ஜெர்சியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை எதிர்வீட்டுக்காரன் கெடுத்துக் கொன்றான். அவன் முன்பே இதே வகைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன். "சொல்லியிருந்தால் பிள்ளையைக் காப்பாற்றியிருப்போமே" என்று பெற்றோர் கதறினர். அந்தக் கதறல் 1996இல் நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று, ஏடு மக்களுக்குத் திறந்தது. 2006இல் இன்னொரு சட்டம் குற்றவாளிகளை மூன்று படியாகப் பிரித்தது. முதற்படியில் இருப்பவன் பதினைந்து ஆண்டு பட்டியலில் இருக்கவேண்டும், ஆண்டுக்கொரு முறை நேரில் போய்த் தன் இருப்பைச் சொல்லவேண்டும். இரண்டாம் படிக்கு இருபத்தைந்து ஆண்டு, ஆறு மாதத்துக்கொரு முறை. மூன்றாம் படிக்கு ஆயுள் முழுவதும், மூன்று மாதத்துக்கொரு முறை. வீடு மாறினாலும் வேலை மாறினாலும் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். இன்று அங்கே பட்டியலில் இருப்போர் ஏழு லட்சத்துக்கும் மேல்.

இவ்வளவும் தோழரின் செல்போனில் தெரிந்தது. தெரியாததும் உண்டு. பள்ளிக்கும் பூங்காவுக்கும் இத்தனை அடிக்குள் இவர்கள் குடியிருக்கக்கூடாது என்று ஊருக்கு ஊர் விதி போட்டார்கள். மியாமி நகரில் 2,500 அடி. நகரத்திலே அப்படி ஒரு வீடு அகப்படவில்லை. சிறையிலிருந்து வந்தவர்கள் கடற்பாலம் ஒன்றின் அடியிலே கூடாரம் போட்டுச் சில ஆண்டுகள் கிடந்தார்கள். வீடின்றி, வேலையின்றி, வெறி பிடித்த நிலையில் ஒரு மனிதனை விட்டுவைப்பது குழந்தைகளுக்குக் காவலா? 2006இல் மெய்ன் மாநிலத்தில் ஒருவன் அந்தப் பட்டியலிலிருந்தே முகவரி எடுத்து, இரண்டு பேரின் வீடு தேடிப்போய்ச் சுட்டுக் கொன்றான். செத்தவர்களில் ஒருவன் செய்த குற்றம் என்ன தெரியுமா? பதினாறு வயது நிறையச் சில வாரங்களே இருந்த தன் காதலியோடு பழகியது!

இதைப் படிக்கும்போது நமக்குச் சுருக்கென்று ஒன்று தைக்கிறது. நம் நாட்டில் பெண் வேறு சாதிப் பையனோடு போய்விட்டால், அவளுக்குப் பதினெட்டு நிறைய நாலு மாதம் இருந்தால், பெற்றவர் கையில் எடுக்கும் ஆயுதம் எது? போக்சோ! பிள்ளைகளைக் காக்கப் பிறந்த சட்டத்தைச் சாதியைக் காக்கத் திருப்புகிறார்கள். காதலித்த பையனின் மீது தொடுத்த இப்படியொரு வழக்கை 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பருவ வயதுக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமன்று என்றது. நீதிமன்றம் வரை போக வழியற்றவன் எத்தனை பேர்? ஊருக்குத் திறந்த பட்டியலில், குழந்தையைச் சிதைத்த கயவன் படமும் சேரிப் பையன் படமும் அடுத்தடுத்துத் தொங்கும். இரண்டுக்கும் ஒரே நிறப் புள்ளி! சாதி வெறியனுக்கு அதைவிட நல்ல விலாசப் புத்தகம் வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவை விடுங்கள். நம் பழவேற்காட்டுக்கு வாருங்கள். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பிலே புரளி. யாரென்றே தெரியாத, மனநிலை சரியில்லாத மனிதன் ஒருவனைக் கூட்டம் பிடித்தது. அடித்தது. பாலத்திலே தொங்கவிட்டது. அதே வாரம் திருவண்ணாமலை மாவட்டத்து அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு நின்று, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்கள் எல்லாரும் பிள்ளை பெற்றவர்கள். பிள்ளைகளைக் காப்பதாகவே நினைத்து அடித்தவர்கள். பட்டியலே இல்லாதபோது இந்தக் கோலம். படத்தோடும் முகவரியோடும் பட்டியலைக் கையில் கொடுத்தால்? ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால்? காலிசெய்துபோனவன் வீட்டில் இன்று வேறொரு குடும்பம் இருந்தால்?

அரசு ஏட்டைப் பூட்டி வைக்கும் என்றும் கண்ணை மூடி நம்பிவிட முடியாது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்குக் கொடுமை நடந்தது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை, குறைப்பின்றி முப்பது ஆண்டு. நல்லது. ஆனால் அதற்கு முன், முதல் தகவல் அறிக்கை பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்களோடு வெளியே கசிந்ததே! அந்த மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக அரசு 25 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. யார் ஆட்சியில் நடந்தது என்று பார்த்துத் தராசைச் சாய்ப்பவர்கள் அல்ல நாம், தவறு தவறுதான். நம் ஊர்களில் குற்றவாளியின் பெயரை எழுதினாலே பாதிக்கப்பட்ட பிள்ளை யாரென்று தெரிந்துவிடும் என்பதையும் தோழர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். ஏனென்றால், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவன் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவன். சித்தப்பன், பக்கத்து வீட்டான், வேன் ஓட்டுபவன், டியூஷன் வாத்தியார். அப்பன் பெயரைப் போட்டுப் பட்டியல் ஒட்டினால் மகள் பெயரைப் போட்டது போலத்தானே!

ஆரம்பாக்கத்துக்குப் பிறகு இன்னொரு குரலும் கேட்டது. "வடக்கத்தியான் எல்லாரையும் பட்டியல் எடு." கைதானவன் வட மாநிலத்தான், உண்மை. அவன் செய்த குற்றத்துக்கு, அவன் மொழி பேசும் உருக்காலைத் தொழிலாளி எப்படிப் பொறுப்பு? 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழர்கள் அடித்துக் கொல்வதாகப் பொய்ப் படம் பரப்பி, தமிழினத்தையே கொலைகாரர் பட்டியலில் ஏற்றப் பார்த்தார்களே, அப்போது நமக்கு எப்படி எரிந்தது!

பிறப்பைப் பார்த்துப் பட்டியல் எடுத்த கொடுமையைத் தமிழ்நாடு பட்டறிந்திருக்கிறது. 1871இல் வெள்ளையன் கொண்டுவந்து, 1911க்குப் பின் சென்னை மாகாணத்தில் பாய்ந்த குற்றப் பரம்பரைச் சட்டம். கைரேகை வை, இரவிலே காவல் நிலையத்தில் வந்து படு, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கு. திருடினாயா என்று கேட்கவில்லை. என்ன சாதி என்று கேட்டான். ரேகை வைக்கமாட்டோம் என்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் குண்டு பாய்ந்தது. அந்தச் சட்டம் இங்கே ஒழிய 1947 வரை ஆயிற்று. தண்டனை பெற்றவன் பெயரை எழுதுவது ஒன்று, பிறந்தவன் பெயரை எழுதுவது வேறு.

அப்படியானால் தோழர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இல்லை. இங்கிலாந்திலே 2008இல் சோதனையாகத் தொடங்கிப் பிறகு விரிவாக்கிய ஒரு முறை உண்டு. "என் பிள்ளையோடு பழகுகிற இன்னார் பழைய குற்றவாளியா?" என்று பெற்றோர் காவல்துறையைக் கேட்கலாம். ஆபத்து உண்டென்றால், தெரிய வேண்டியவருக்கு மட்டும் சொல்கிறார்கள். கடைவீதியில் ஒட்டுவதில்லை. இந்த உரிமையை நாமும் கேட்போம், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பேசச் சொல்வோம்.

அது வருமுன்னரே கையில் இருப்பதை யார் கேட்டோம்? 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளின்படி, பள்ளியானாலும் காப்பகமானாலும் விளையாட்டுப் பயிற்சிக்கூடமானாலும், குழந்தைகளோடு பழகும் ஒவ்வோர் ஊழியரையும், நிரந்தரமோ காண்டிராக்டோ, காவல்துறை மூலம் சரிபார்த்தாக வேண்டும். ஒருமுறை பார்த்தால் போதாது, காலத்துக்குக் காலம் பார்க்கவேண்டும். பீஸ் கட்டும் நாளில் ரசீது கேட்கிறோம், இதைக் கேட்டோமா?

இன்னொன்று. தண்டனை பெற்றவன்தான் பட்டியலில் ஏறுவான். புகாரே கொடுக்காமல், "மானம் போய்விடும்" என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, ஐம்பதாயிரம் வாங்கிக்கொடுத்து மூடி மறைத்தால் அவன் எந்தப் பட்டியலில் ஏறுவான்? அடுத்த தெருவிலே குடியேறுவான்! குற்றம் நடந்ததை அறிந்தும் சொல்லாதவனுக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது போக்சோ. பெரியவர்களுக்கும் அது பொருந்தும். புகார் சொன்னால் குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. வீட்டுக்கே வந்து, கூடியவரை சப் இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, காக்கி உடுப்பு அணியாமல் வாக்குமூலம் வாங்கவேண்டும். 1098க்கு ஒரு போன் செய்தாலும் போதும்.

இவ்வளவும் பேசி முடிக்க மூன்று டீ ஆயிற்று. தோழர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். "எங்கள் பிள்ளைகள் போகிற வேனிலே மூன்று மாதமாகப் புது டிரைவர். அவனைச் சரிபார்த்தார்களா என்று தெரியவில்லை" என்றார். அதே பெஞ்சிலே பள்ளித் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது: டிரைவர், உதவியாளர், காவலாளி, ஆயா அனைவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு எந்தத் தேதியில் முடிந்தது என்று தெரிவிக்கவும். ஷிப்டு விட்டு வந்த ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவர் ஒடிசாக்காரர். அவர் மகளும் அந்த வேனில்தான் போகிறாள். பதில் வந்ததும் இதே பக்கத்தில் எழுதுகிறோம்.