ஒரே அலமாரியில்

கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு எங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு ஒரு கேள்வி வந்தது. மெத்தனால் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு? அரை லிட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். சில நாள் கழித்து ஒருவர் நேரில் வந்தார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "சார், ஆபத்தானது எல்லாத்தையும் ஒரே பீரோவுல போட்டு டபுள் லாக் பண்ணிடுங்க. ஒரு சாவி உங்ககிட்ட, ஒரு சாவி எச்.எம்.கிட்ட. அப்புறம் யாரும் எதுவும் கேக்க முடியாது."

பத்தொன்பது வருடமாக வேதியியல் நடத்துகிறேன். அந்த வாக்கியத்தில் இருந்த தவறு அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும்தான் இருந்தது, உண்மையைச் சொன்னால். ஆனாலும் செய்தேன். ஊரே பயந்துபோயிருந்த நேரம். 2024 ஜூன் 18 அன்று குடித்தவர்கள் மறுநாள் காலையிலிருந்து சாகத் தொடங்கியிருந்தார்கள். முதல் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிர்வாகம் சொல்லி வாய் மூடுவதற்குள் எண்ணிக்கை ஏறியது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் நாலு திசையிலும் ஓடின. கடைசியில் அறுபதுக்கும் மேல் போய் நின்றது. என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஒரு வாரம் வரவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அந்த வாரத்தில் யாராவது 'பூட்டுங்கள்' என்றால் பூட்டத்தான் தோன்றும்.

பூட்டினேன். எங்களிடம் இருந்தது ஒரே ஓர் இரும்பு பீரோ. அதற்குள் மெத்தனால், ஸ்பிரிட் விளக்குக்கான ஸ்பிரிட், அசிட்டோன், கிளிசரின், அடர் நைட்ரிக் அமிலம் இரண்டரை லிட்டர், பொட்டாசியம் பெர்மாங்கனேட், டைகுரோமேட், கந்தகம். ஆபத்தானவை எல்லாம் ஒரே சிறையில். இரண்டு பூட்டு. பதிவேடு சுத்தம்.

இதை ஒரு வேதியியல்காரன் படித்தால் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நைட்ரிக் அமிலம், பெர்மாங்கனேட், டைகுரோமேட் இவை ஆக்சிஜனேற்றிகள். இலங்கையில் ஒட்சியேற்றி என்பார்கள். இவை தாமாக எரிவதில்லை. பெர்மாங்கனேட் படிகத்தைத் தனியாகத் தீயில் காட்டினாலும் பற்றிக்கொள்ளாது. ஆனால் எரியக்கூடிய ஒன்று பக்கத்தில் வந்தால் அதற்கு வேண்டிய ஆக்சிஜனை இவை தாமே கொடுத்துவிடும். காற்று வேண்டாம், சில சமயம் தீக்குச்சிகூட வேண்டாம். பெர்மாங்கனேட்டின் மேல் கிளிசரின் சிந்தினால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிறகு தானாகப் புகைந்து ஊதா நிறச் சுவாலையோடு எரியும். பெர்மாங்கனேட்டில் அடர் கந்தக அமிலம் பட்டால் பச்சை எண்ணெய் மாதிரி ஒன்று உண்டாகும். அது வெடிக்கும். அடர் நைட்ரிக் அமிலம் அசிட்டோனோடோ ஸ்பிரிட்டோடோ கலந்தால் நடப்பதை அருகில் நின்று பார்த்தவர்கள் விவரித்துச் சொல்கிற நிலையில் இருக்க மாட்டார்கள்.

ஆக, ஆக்சிஜனேற்றியின் ஆபத்து அதன் பாட்டிலுக்குள் மட்டும் இல்லை. பக்கத்து பாட்டிலில் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று பார்க்கத் தெரிந்த சமூகம் இது. எந்தச் சித்தப்பாவை எந்த மாமனிடமிருந்து மூன்று வரிசை தள்ளி உட்கார வைக்க வேண்டும் என்று நம் வீட்டுக் கிழவிகளுக்குத் தெரியும். அலமாரியில் மட்டும் எல்லாரையும் ஒரே இலையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

அடுத்த கோடை விடுமுறை முடிந்து பீரோவைத் திறந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த அறை, மேலே சிமென்ட் ஷீட். கள்ளக்குறிச்சி வெயில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. நைட்ரிக் அமிலம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் மெல்ல மெல்லச் சிதையும், பழுப்பு நிற வாயு பிரியும், பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறும். மூடி உதிர்ந்திருந்தது. அது நின்ற தட்டு துரு ஏறிப் பொத்தலாகிக் கிடந்தது. பக்கத்து பாட்டில்களின் லேபிள்கள் தின்னப்பட்டு எது எது என்றே தெரியவில்லை. அசிட்டோன் பாட்டில் நாலு விரல் தள்ளி நின்றது. நாலு விரல்தான்.

நான் தலைமையாசிரியரைக் கூப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் அக்கா துடைக்கத் தொடங்கியிருந்தார்.

அக்கா யார் என்று சொல்லவில்லையே. எங்கள் ஆய்வகத்துக்கு உதவியாளர் கிடையாது. இடம் காலியாகிப் பல வருடம் ஆயிற்று, நிரப்பவில்லை. பெருக்கித் துடைக்க வருகிற அக்காதான் சோதனைக்குழாய் கழுவுகிறார், பாட்டில் எடுத்துத் தருகிறார். கல்வராயன் மலையின் உள்ளூரிலிருந்து கல்யாணமாகி அடிவாரத்துக்கு வந்தவர். தமிழ் நன்றாகப் படிப்பார். பாட்டில் மேல் இருப்பதெல்லாம் ஆங்கிலம். வட்டத்தின் மேல் தீ எரிகிற ஒரு படம் இருக்கும், ஆக்சிஜனேற்றி என்பதற்கான உலகப் பொது அடையாளம். அதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. பத்தொன்பது வருடத்தில் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, கேள்வித்தாளில் வராது என்பதால். ஆக்சிஜனேற்றம் என்பது எலக்ட்ரான் இழப்பு. அது வரும். இரண்டு மதிப்பெண்.

அக்கா பழைய துணியால் துடைத்து, துணியைக் காகிதக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். நான் உள்ளே வந்தபோது கூடையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பஞ்சு, காகிதம், மரத்தூள் எதுவானாலும் அடர் நைட்ரிக் அமிலம் ஊறினால் உள்ளே சூடு ஏறும், பற்றிக்கொள்ளும். வாளித் தண்ணீரை அப்படியே கொட்டினோம். அவர் கையைக் குழாயடியில் கால் மணி நேரம் பிடிக்க வைத்தேன். விரல்கள் மஞ்சளாகிவிட்டன. தோலில் இருக்கிற புரதத்தோடு நைட்ரிக் அமிலம் செய்கிற வேலை அது. புரதத்தைக் கண்டறியும் சோதனை என்று பாடமே உண்டு.

"மஞ்சா அரைச்ச கையாட்டம் இருக்கு சார்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எது தொடலாம், எது தொடக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சார்?"

பதில் சொல்லவில்லை. பதில் இல்லை.

நான் எழுத வந்தது இதைத்தான். இந்த நாட்டில் ஒரு பொருளை நாம் ஆபத்து என்று அறிந்துகொள்வது அது கொன்ற பிறகு. அறிந்துகொண்டதும் செய்வது மூன்று: பெயரைப் பட்டியலில் சேர்ப்பது, பூட்டுவது, தண்டனையை ஏற்றுவது. அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று அதைத் தொடுகிறவருக்குச் சொல்வது இந்த மூன்றிலும் இல்லை.

மெத்தனாலையே எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தில் ஆல்கஹாலுக்குத் தமிழ்நாட்டில் 1959லேயே தனி விதிகள் வந்துவிட்டன. உரிமம் வேண்டும், கணக்கு வேண்டும், எல்லாம் இருந்தது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருபதுக்கு மேல் செத்தார்கள். அப்போதும் மெத்தனால்தான். ஒரு வருடம் கழித்துக் கருணாபுரம். அதே மாதக் கடைசியில் சட்டமன்றத்தில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை என்றாக்கினார்கள். கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே, காவல் நிலையமும் நீதிமன்றமும் இருக்கிற பக்கத்தில்தான் இருக்கிறது. போலீஸ் ஜீப்புகள் ஏறியதோ கல்வராயன் மலைக்கு. பானை உடைத்தார்கள், ஊறலைக் கொட்டினார்கள், படம் எடுத்தார்கள். வெல்லத்தையும் பட்டையையும் ஊறப்போட்டுக் காய்ச்சுகிற சாராயம் நல்லது என்று வக்காலத்து வாங்க நான் வரவில்லை, அது குடியைக் கெடுத்ததை இந்தப் பக்கத்தில் வாழ்கிற எவனும் மறுக்க மாட்டான். ஆனால் அந்தப் பானையில் இப்படி ஊரைக் கொல்கிற மெத்தனால் ஊறாது. அது தொழிற்சாலையில் செய்யப்படுவது, டேங்கரிலும் பேரலிலும் சாலை வழியாக வருவது. இரண்டும் வேறு வேறு பொருள் என்ற அடிப்படை வேதியியல் தெரிந்திருந்தால் ஜீப் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்திருக்கும். மலையாளிப் பழங்குடிகள் மேல் பழி போடுவது சுலபம். 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் கிடந்த மலை, கேட்க நாதியில்லை.

அந்த நாட்களில் முறிவு மருந்தின் பெயர் ஒமெப்ரசோலா ஃபோமெப்பிசோலா என்று ஆளும் தரப்பும் எதிர்த் தரப்பும் மல்லுக்கட்டியதும் நினைவுக்கு வருகிறது. ஒன்று வயிற்றெரிச்சலுக்கு, மற்றது மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறுவதைத் தடுக்க. கண் பார்வையைப் பறிப்பது அந்த அமிலம்தான். ஆளுக்காள் எண்ணிக்கை சொன்னார்கள்.

ஆக்சிஜனேற்றிகளின் கதையும் வேறு மாதிரி இல்லை. 2015இல் இறக்குமதியாகிச் சுங்கத்துறையிடம் சிக்கிய அம்மோனியம் நைட்ரேட் சுமார் 697 டன், சென்னை மணலியில் 37 கண்டெய்னர்களில் ஐந்து வருடம் கிடந்தது. அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 2012லேயே தனி விதிகள் உண்டு. விதி இருந்தது, பூட்டும் இருந்தது, சீலும் இருந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வெடித்து 200 பேருக்கு மேல் செத்த பிறகுதான் மணலி கண்டெய்னர்கள் யாருக்கோ ஞாபகம் வந்தன. அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரி ஏற்றினார்கள். மணலிக்காரர்கள் பிழைத்தது பெய்ரூட் செத்ததால்.

அவ்வளவு தூரம் போவானேன். எங்கள் சங்கராபுரத்தில் 2021 அக்டோபர் 26, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு பட்டாசுக்கடை வெடித்தது. பட்டாசுக்குள் இருப்பது என்ன? நைட்ரேட் என்ற ஆக்சிஜனேற்றியும் எரிகிற பொடியும். பக்கத்திலேயே பேக்கரி, அதற்குள் கேஸ் சிலிண்டர்கள். தீ அங்கேயும் தாவியது. உயிர்கள் போயின. கடைக்கு உரிமம் உண்டா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். பக்கத்தில் என்ன இருந்தது என்பது அடுத்த கேள்வியாகக்கூட வரவில்லை.

நண்பர் ஒருவர், அவரும் ஆசிரியர்தான், கேட்டார்: "பள்ளிக்கூடத்துல ரெண்டு பாட்டில் இருக்கு. இதப் போயி மணலியோட சேக்குறியே?" நியாயமான கேள்விதான். ரெண்டு பாட்டில் ஊரை அழிக்காது. ஒரு அக்காவின் கையை, முன்வரிசையில் நிற்கிற ஒரு பிள்ளையின் கண்ணை அழிக்க அது போதும். செலவும் ஒன்றும் பெரிதில்லை. நைட்ரிக் அமிலத்தை இரண்டரை லிட்டராக வாங்காமல் அரை லிட்டராக வாங்கலாம். பிளாஸ்டிக் தட்டில் நிறுத்தி, கீழ்த் தட்டில், இரும்பும் மரமும் படாமல் வைக்கலாம். அசிட்டிக் அமிலமும் 'அமிலம்' என்ற பெயர் கொண்டதுதானே என்று அதன் பக்கத்தில் வைத்துவிடக் கூடாது, அது எரியும். ஸ்பிரிட், அசிட்டோன், மெத்தனால் வேறு அலமாரி, முடிந்தால் வேறு சுவர். மெத்தனாலைப் பூட்டுங்கள், தாராளமாக, தனியாக. சில்வர் மிரர் சோதனைக்குக் கலக்குகிற டாலன்ஸ் கரைசலை மிச்சம் வைக்கவே கூடாது, நாள்பட்டால் வெடிக்கும். அதை 'அடுத்த பேட்சுக்கு ஆகும்' என்று எடுத்து வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் வைத்திருக்கிறேன்.

பெர்மாங்கனேட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது ரசாயனம் இல்லை, மருந்து. காலராவுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் கிணறு கிணறாகக் கரைத்தார்கள். பாம்பு கடித்த இடத்தைக் கீறி அந்தப் படிகத்தையே தேய்த்த வைத்தியம்கூட இருந்தது, சதையை வேகவைத்ததுதான் மிச்சம். அந்த நினைவில் அக்கா அதை எடுத்துக் கிளிசரின் பக்கத்தில் அடுக்கியிருந்தார். கிளிசரின் வாய்ப்புண்ணுக்குத் தடவுவது, அதுவும் மருந்து. மருந்தோடு மருந்து. அவருடைய அடுக்கில் ஒரு தர்க்கம் இருந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவரின் அடுக்கில் அதுகூட இல்லை.

இப்போது பாட்டில்களில் தமிழ் ஒட்டியிருக்கிறோம். அக்காவே எழுதினார். 'எரிய வைக்கும்' என்று சிவப்பு மையில், 'எரியும்' என்று நீல மையில். சிவப்பும் நீலமும் ஒரே தட்டில் இருக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி, பிளஸ் ஒன் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். பாட்டில் திறந்த தேதியும் எழுதுகிறோம். மூடியை மாதம் ஒருமுறை பார்க்கிறோம், விடுமுறையிலும் ஒருநாள் வந்து.

போன மாதம் மறுபடி ஆய்வுக்கு வந்தார்கள். வேறு ஆள். ஆபத்தான பொருட்கள் உத்தரவுப்படி ஒரே பீரோவில் இல்லை என்று குறிப்பு எழுதி, என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நாலு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். துருப்பிடித்த தட்டின் படத்தையும் இணைத்தேன். இன்னும் பதில் வரவில்லை.