பழைய டிராக்டரும் காரண்டிப் பேச்சும்

உழவுப் பருவம் நெருங்கும்போது டவுன் பக்கம் போனால், புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய டிராக்டர்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். டயருக்குக் கறுப்புப் பூச்சு, சீட்டுக்குப் புது உறை, முகப்பில் சந்தனம், குங்குமம். "ஒரு மாசம் காரண்டிங்க, தைரியமா ஓட்டிட்டுப் போங்க" என்பார் தரகர். அந்த ஒரு சொல்லை நம்பி, நகையை அடகு வைத்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வரும் சிறு விவசாயிகள் பலர்.

பிறரைக் குறை கூற இதை நான் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் ஒரு பழைய டிராக்டர் வாங்க நினைத்தார். "நீ படித்தவன், வந்து ஒரு பார்வை பார்" என்று என்னையும் அழைத்துப் போனார். நாங்கள் போனபோதே எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு நானும் தலையசைத்தேன். மூன்றாவது வாரம், சேற்றுழவின் நடுவில் கியர் பாக்ஸ் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்த ஆயில் பால் கலந்த காபி போல இருந்தது. ஆயில் சீல் தேய்ந்து, வயல் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆயில் அளவுக் குச்சியை ஒரு முறை உருவிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். விற்றவரிடம் கேட்டதற்கு, "நான் எஞ்சினுக்குத்தானே காரண்டி சொன்னேன்" என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்ததால் வாடகை வண்டி பிடித்து நடவை முடித்தார் அண்ணன். என்னை அவர் ஒரு வார்த்தை கூடக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் எனக்கு உறுத்தல்.

விதை வாங்கினால் சீட்டைப் பார்க்கிறோம்; மருந்து வாங்கினால் காலாவதித் தேதியைப் பார்க்கிறோம். லட்சக்கணக்கில் பணம் போடும் டிராக்டருக்கு மட்டும் வாய்ப்பேச்சை நம்புகிறோம். காரண்டி என்பது விற்பவர் மனமிரங்கித் தரும் சலுகை அன்று. இரு தரப்பும் காப்பாற்ற வேண்டிய ஒப்பந்தம் அது. நம் தரப்புக் கடமைக்குப் பெயர்தான் சர்வீஸ்.

புது டிராக்டரின் காரண்டி எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். இத்தனை ஆண்டு அல்லது இத்தனை மணி நேரம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை என்று இருக்கும். உதாரணமாக, 2 ஆண்டு அல்லது 2,000 மணி என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடகை உழவுக்கு நாள் ஒன்றுக்கு 8 மணி ஓடும் வண்டிக்கு 250 வேலை நாட்களில் 2,000 மணி முடிந்துவிடும். உரிமையாளர் இன்னும் ஓர் ஆண்டு பாக்கி இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். அந்த வண்டியை வாங்குபவரிடமும் "கம்பெனி காரண்டி இருக்கு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது.

சர்வீஸ் கணக்கும் இதே போன்றதுதான். பல டிராக்டர்களுக்கு முதல் சர்வீஸ் 50 மணியிலும், பிறகு எஞ்சின் ஆயில் மாற்றுவது 250 மணிக்கு ஒரு முறையும் வரும். வண்டிக்கு வண்டி இது மாறும் என்பதால், கையேட்டில் உள்ளதே முடிவு. நாள்தோறும் 8 மணி ஓடினால் 250 மணி என்பது ஒரே மாதம்தான். "போன பொங்கலுக்கு ஆயில் மாற்றினேன்" என்று மாதக் கணக்குச் சொல்வது டிராக்டருக்குப் பொருந்தாது. ஹவர் மீட்டர்தான் அதற்குக் காலண்டர். அதே சமயம், சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டுபவர், மணி நிறையவில்லை என்று ஒரே ஆயிலைப் பல ஆண்டு வைத்திருப்பதும் தவறு. ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

காரண்டிக் காலத்தில் சர்வீஸைத் தவறவிட்டால், பின்னால் எஞ்சின் பழுது என்று போகும்போது கம்பெனி கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும். "கம்பெனி சர்வீஸ் செலவு அதிகம், நம்மூர் மெக்கானிக் போதாதா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நம்மூர் மெக்கானிக்குகளின் கைத்திறனை நான் குறைத்து மதிப்பவன் அல்ல. காரண்டி முடிந்தபின் அவர்களிடமே விடுங்கள். ஆனால் காரண்டி உள்ளவரை கம்பெனி சர்வீஸை விடாதீர்கள். இலவச சர்வீஸ் என்றாலும் பொதுவாகக் கூலிதான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் உண்டு. அந்தச் செலவுக்குப் பயந்து விட்டுவிட்டால், பிறகு கியர் பாக்ஸுக்குச் சேர்த்துக் கொடுக்க நேரும்.

இனி பழைய வண்டி வாங்குபவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். அதில் சர்வீஸ் நடந்த தேதியும் ஹவர் மீட்டர் கணக்கும் வரிசையாக ஏறிக்கொண்டே வர வேண்டும். புத்தகம் இல்லை என்றால் அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசுங்கள். மீட்டரில் மணி குறைவாகவும், கிளட்ச், பிரேக் பெடல்கள் வழவழவென்று தேய்ந்தும் இருந்தால், பெடலை நம்புங்கள். மிச்சமுள்ள கம்பெனி காரண்டி இரண்டாவது உரிமையாளருக்குச் செல்லுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், பணம் கொடுக்கும் முன்பே டீலரிடம் விசாரியுங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங் போன்ற தேயும் பாகங்களுக்குப் பொதுவாகக் காரண்டி கிடையாது.

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். எங்களைப் போல சூடான எஞ்சினைப் பார்த்து ஏமாற வேண்டாம். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருமானால் பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்திருக்கக்கூடும். எஞ்சின், கியர் பாக்ஸ் இரண்டின் ஆயிலையும் பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கலப்பையை ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கவனியுங்கள். விறுவிறுவென்று இறங்கினால் உள்ளே கசிவு உண்டு. கூடவே உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை, கூலி கொடுத்து, அழைத்துப் போங்கள். படித்த தம்பியை அழைத்துப் போவதைவிட அது மேல்.

சட்டம் என்ன சொல்கிறது? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, அந்தப் பொருளையே வியாபாரம் செய்பவருக்கு ஓரளவு பொறுப்பு உண்டு. ஆனால் வாங்குபவர் பார்த்து வாங்கியிருந்தால், பார்த்த பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்தப் பொறுப்பு வராது. பக்கத்து ஊர் விவசாயி தன் வண்டியை விற்கும்போது இந்தப் பாதுகாப்பும் பெரிதாகக் கிடைக்காது. ஆகவே எழுத்துதான் துணை. எந்தெந்த பாகத்துக்கு, எத்தனை நாள் அல்லது எத்தனை மணிக்கு, உதிரிபாகச் செலவு யாருடையது, கூலி யாருடையது என்று நான்கு வரி எழுதி, தேதி போட்டு, ஹவர் மீட்டர் கணக்கையும் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

சொந்த உழைப்பால் பிழைப்பதற்காக வியாபாரியிடம் வாங்கியவர், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. அங்கும் முதலில் கேட்பது ரசீதைத்தான்.

வண்டி கைமாறியதும் ஆர்.சி. புத்தகத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சை மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் வங்கி அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்று கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது.

இவ்வளவும் சொன்னபின் என் மனதில் பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு, மூன்று ஏக்கர் மட்டும் உள்ளவர், வெளி உழவுக்கும் போகப்போவதில்லை என்றால், பழைய டிராக்டர்கூட அவருக்குப் பாரம்தான். ஆண்டில் சில நாள் ஓடி, மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலியில் பதிவு செய்து பெறலாம். நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கினாலும் நல்லதே. ஆனால் ஹவர் மீட்டர் கணக்கு எழுதும் நோட்டை ஒருவர் பொறுப்பில் விட வேண்டும்.

கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். காரண்டி விதிகளைப் பெரிய எழுத்தில், விவசாயிக்குப் புரியும் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். பழைய டிராக்டருக்குக் கடன் தரும் வங்கிகளும் சங்கங்களும் நிலப் பத்திரத்தைக் கேட்பது போல சர்வீஸ் புத்தகத்தையும் கேட்டால், அதைப் பாதுகாக்கும் பழக்கம் தானாக வரும். எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களும் பயிற்சி முகாம்களில் ரகத்தையும் உர அளவையும் சொல்வதோடு நிற்காமல், ஹவர் மீட்டர் பார்க்கவும் கற்றுத்தர வேண்டும். இதில் என் பங்குக்கு நான் தாமதித்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தானே வாங்கினோம்? டிராக்டருக்குப் பல் அதன் சர்வீஸ் புத்தகம். அதைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.