முகப்பு விளக்கில் நீர் கோக்கலாமா?

விடியற்காலை மூன்று மணிக்கு மண்டிக்குப் புறப்படும் வணிகருக்கு வண்டியின் முகப்பு விளக்குதான் கண். ஆனால் விளக்குக் கூட்டினுள் நீர் கோத்து, மங்கிக் கிடக்கும் சரக்கு வேன்கள் நம் கடைத்தெருவில் எத்தனை!

வெளிச்சம் போதவில்லை என்றதும் நம்மவர்கள் செய்வது என்ன? 60/55 வாட்ஸ் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 பல்பை மாட்டுகிறார்கள். கூடுதல் சூட்டில் ஹோல்டர் உருகும், ஒயர் இளகும், உள்ளே பளபளக்கும் அலுமினியப் பூச்சு கருகும். பூச்சு போனால் இருந்த வெளிச்சமும் போயிற்று. எதிரே வருபவர் கண் கூசுவது தனிக்கதை.

கோளாறு பெரும்பாலும் கூட்டின் பின்னால் இருக்கிறது. பல்பு மாற்றும்போது ரப்பர் மூடியை அரைகுறையாகச் செருகுகிறார்கள். சிலர் தூக்கியே எறிந்துவிடுகிறார்கள். மழைநீரும், வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் தண்ணீரும் அவ்வழியே ஏறிவிடும். மூடியின் விலை அற்பம். முழு செட் மாற்றினால் ஒரு வாரத்து லாபம் போய்விடும்.

கூட்டில் சிறு காற்றுத் துளை உண்டு. சூட்டில் விரியும் காற்று வெளியேறவும், ஆறியபின் திரும்பவும் அதுவே வழி. அதையும் பசை போட்டு அடைப்பது, ஈர அரிசியைச் சாக்கில் தைத்து வைப்பது போலத்தான்.

மழைக்காலக் காலையில் லேசாகப் புகை படிந்தாற்போலிருந்து, விளக்கு எரிந்ததும் மறைந்தால் கவலை வேண்டாம். சொட்டாக நின்றால் கழற்றி, உலர்த்தி, விரிசல் பாருங்கள். புதிய பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் பிசுக்கு அதன் ஆயுளைக் குறைக்கும். (எண்ணெய்க் கடைக்காரர்கள் கூடுதல் கவனம்!)

வாகன உதிரிபாகம் விற்கும் வணிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பல்பு கேட்டு வருபவரிடம் ரப்பர் மூடி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 100/90 பல்பை எடுத்து நீட்டுவதைத் தாங்களே நிறுத்துங்கள்.