மரபுடைமைச் சின்னங்களுக்குப் புகைப்படப் போட்டி: படத்தைவிடப் பட்டியல்தான் சிக்கல்!

லிட்டில் இந்தியாவில் கலர் கலராக நிற்கும் டான் டெங் நியா வீட்டுக்கு முன்னால் எப்போது போனாலும் யாராவது போஸ் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

1900இல் கட்டப்பட்டது. பாதுகாக்கப்படும் கட்டடம். ஆனால் தேசிய நினைவுச்சின்னம் இல்லை!

நாடு தழுவிய புகைப்படப் போட்டி நடத்த நினைப்பவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான். எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

இந்த வகையில் பெரிய பெயர், 'விக்கி லவ்ஸ் மானுமெண்ட்ஸ்'. 2010இல் நெதர்லந்தில் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டிலும் தொண்டூழியர்கள் தனியாகப் போட்டி நடத்தி, அதிகபட்சம் 10 படங்களை அனைத்துலகச் சுற்றுக்கு அனுப்பலாம்.

படங்கள் விக்கிப்பீடியாவில் பயன்படவேண்டும். அதனால் எந்தப் படம் எந்தக் கட்டடம் என்று காட்டும் பட்டியல் கட்டாயம் தேவை.

சிங்கப்பூரில் அது சுலபம்தானே? ஒரு விதத்தில் ஆமாம். 1973இல் முதன்முதலில் 8 இடங்கள் அரசிதழில் அறிவிக்கப்பட்டன. சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில் அதில் ஒன்று. 2022இல் 75ஆவதாகச் சேர்ந்தது பாடாங் திடல்.

ஆனால் அந்தப் பட்டியலோடு நின்றுவிட்டால், ஏற்கனவே ஆயிரம் தடவை எடுத்த அதே கோபுரம்தான் திரும்பவும் வரும்.

நகர மறுசீரமைப்பு ஆணையம் பாதுகாக்கும் கட்டடங்கள் 7,000க்கும் மேல். பெரும்பாலும் கடைவீடுகள். அவற்றையும் சேர்த்தால் ஏற்பாட்டாளர்களுக்கு வேலை பல மடங்கு கூடும். இருந்தாலும் சேர்ப்பதுதான் நியாயம் என்று தோன்றுகிறது. அதிகம் படம் எடுக்கப்படாத இடங்கள் அங்கேதானே இருக்கின்றன?

அடுத்து, பலர் படிக்காமலே 'ஓகே' அழுத்தும் விஷயம்: உரிமம்.

படத்தைத் திறந்த உரிமத்தில் கொடுக்கவேண்டும். அப்படின்னா, எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் அதைப் பயன்படுத்தலாம். விளம்பரத்துக்கும்கூட! கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது. போட்டி நடத்துபவர்கள் இதை முதல் பக்கத்திலேயே பளிச்சென்று சொல்லிவிடவேண்டும்.

சுவரோவியங்கள் தனிக் கதை. கட்டடத்தைப் படமெடுக்கச் சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. சுவரில் உள்ள ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அதைத் திறந்த உரிமத்தில் வெளியிட, வரைந்தவரின் அனுமதி வேண்டும்.

ஒரு நல்ல செய்தி: படம் எப்போது எடுத்தது என்பது முக்கியமல்ல. போட்டிக் காலத்தில் பதிவேற்றினால் போதும். ஆனால் நீங்களே எடுத்ததாக இருக்கவேண்டும். தாத்தாவின் ஆல்பத்திலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது.

ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் இருந்த சிவப்புச் செங்கல் தேசிய நூலகம் 2004இல் மூடப்பட்டு, சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்டது. பெர்ல் பேங்க் அடுக்குமாடி 2020இல் போனது. இரண்டும் எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை. அவற்றின் படங்கள் உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கலாம்.