ஆண்டு நீண்டால் தவணை குறையுமா?

கனடாவில் முதன்முறை வீடு வாங்குவோர், காப்புறுதியோடு பெறும் வீட்டுக்கடனை 25 ஆண்டுக்குப் பதிலாக 30 ஆண்டில் அடைக்கலாம் என்ற விதி 2024 டிசம்பர் 15இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2025 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் 50 ஆண்டுக் கடன் என்ற யோசனையை முன்வைத்தார். ரொறன்ரோவில் பிள்ளைகளும் சகோதரங்களும் உள்ள யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் இவை வெளிநாட்டுச் செய்திகளாக நின்றுவிடுவதில்லை. "தம்பி, இஞ்சை முப்பது வருசத்துக்குக் குடுக்கினம். நீ ஏன் பதினைஞ்சு வருசத்திலை அடைக்கிறன் எண்டு மண்டையை உடைக்கிறாய்?" என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டால், முதல் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கிய தம்பிக்கு அது நியாயமாகவே படும்.

இலங்கையின் வட்டி வீதத்தில் அது நியாயமில்லை என்பதே என் உறுதியான கருத்து.

50 இலட்சம் ரூபா கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 15 ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 60,000 ரூபா. 20 ஆண்டென்றால் 55,050. 30 ஆண்டென்றால் 51,430. 40 ஆண்டுக்கு இழுத்தால் 50,425. இந்தக் கடனுக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 50,000 ரூபா. நூறு ஆண்டு தந்தாலும் தவணை அதற்குக் கீழே இறங்காது. 20 ஆண்டை 30 ஆக்கினால் மாதம் 3,600 ரூபா கையில் நிற்கும். அதற்காக மேலும் 120 தவணை கட்ட வேண்டும். மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பது 132 இலட்சத்திலிருந்து 185 இலட்சமாக ஏறும். 30ஐ 40 ஆக்கினால் மாதத்தில் குறைவது ஆயிரம் ரூபா, மொத்தத்தில் கூடுவது 57 இலட்சம்.

இன்னொரு பக்கத்தாலும் பார்க்கலாம். 30 ஆண்டுக் கடனைப் பத்து ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் கட்டியவர் அதுவரை கொடுத்தது 61 இலட்சத்துக்கு மேல். அவருடைய முதலில் குறைந்திருப்பது மூன்றே கால் இலட்சம்தான். 15 ஆண்டுக் கடன் எடுத்தவருக்கோ அதே பத்து ஆண்டில் மீதி 27 இலட்சமாக இறங்கியிருக்கும். இருவருடைய மாதத் தவணைக்கும் இடையில் உள்ள வேறுபாடு எண்ணாயிரத்து ஐந்நூறு ரூபாவுக்குச் சற்று மேல்.

கனடாவில் கணக்கு வேறு. 4 சதவீத வட்டியில் 25 ஆண்டை 30 ஆக்கினால் தவணை பத்தில் ஒரு பங்களவு குறையும். 12 சதவீதத்தில் அதே நீட்டிப்புக்குக் குறைவது நூற்றுக்கு இரண்டு ரூபா சொச்சம். வட்டி தாழ்ந்த நாட்டில் ஆண்டுக்குப் பலன் உண்டு. வட்டி உயர்ந்த நாட்டில் இல்லை. ஆனால் ஆண்டை நீட்டுவதில் ஆபத்து உண்டு என்பது அங்கும் புதிய ஞானமல்ல. 2006இல் 40 ஆண்டுக் கடனை அனுமதித்த கனடா, 2008இல் அதை 35 ஆகவும், 2011இல் 30 ஆகவும், 2012இல் 25 ஆகவும் குறைத்தது. வீட்டு விலை கைக்கெட்டாமல் போனதால் இப்போது மறுபடி நீட்டுகிறது. 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த மத்திய வங்கி வட்டி 2023 ஜூலையில் 5 சதவீதமானபோது, மாறும் வட்டியில் நிலையான தவணை கட்டிய பல குடும்பங்களின் தவணை வட்டிக்கே போதவில்லை. கட்டக் கட்டக் கடன் வளர்ந்தது.

நாம் அதைவிடப் பெரிய அடியைக் கண்டவர்கள். 2021 நடுப்பகுதியில் 6 சதவீதத்தை அண்மித்திருந்த வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டி, 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டிய பின்னர், அந்த ஆண்டின் இறுதியில் 27 சதவீதத்தைத் தாண்டியது. 9 சதவீதத்தில் 25 ஆண்டுக்கு 50 இலட்சம் எடுத்தவரின் தவணை 42,000 ரூபா. அந்தக் கடனின் வட்டி 24 சதவீதமானால் வட்டி மட்டுமே மாதம் ஓர் இலட்சம். எந்த ஆசிரியர் சம்பளம் அதைத் தாங்கும்? 2000-01இலும் 2007-08இலும் வட்டி இப்படி உச்சிக்கு ஏறியிருக்கிறது. 30 ஆண்டுக் கடன் எடுப்பவர் தம் கடன் காலத்துக்குள் இப்படியான புயல்கள் இரண்டு மூன்றைச் சந்திப்பார் என்றே எண்ண வேண்டும்.

நீண்ட கடனுக்கு நம் நாட்டிலும் நியாயமுள்ள இடம் ஒன்று உண்டு: வட்டி நிலையாக இருக்கும் இடம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தபோது, நிலையான வட்டியில் கடன்பட்டிருந்தவரின் சுமை ரூபாவோடு சேர்ந்து கரைந்தது. வட்டியில் ஒரு பகுதியைத் திறைசேரி ஏற்கும் அரச ஊழியர் ஆதனக் கடன் போன்றவற்றை நீட்டி எடுப்பதில் பிழையில்லை. அது கிடைக்காத தனியார் ஊழியருக்கும் கடைக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் கிடைப்பது பெரும்பாலும் மாறும் வட்டிதான்.

உடுப்பிட்டியின் நிலைமைக்கென்று ஒரு தனித்தன்மையும் இருக்கிறது. இங்கே முதல் வீடு பெரும்பாலும் வாங்கப்படுவதில்லை. சீதனமாகவோ முதுசமாகவோ வந்த இரண்டு பரப்பில் கட்டப்படுகிறது. காணிக்குப் பணம் தேவையில்லாததால் கடன் சிறிதாக இருக்கலாம். ஆனால் உறுதியைக் கொண்டு வங்கிக்குப் போனால், அதில் பெற்றோரின் சீவிய உரித்து இருக்கும். அல்லது காணி பிரிபடாத பங்காக இருந்து, பங்காளிகளில் ஒருவர் லண்டனிலும் ஒருவர் பாரிஸிலும் இருப்பார்கள். தேசவழமைப்படி மனைவியின் காணியை ஈடு வைக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். இவற்றைச் சீர்செய்ய மாதங்கள் போகும். அந்த அலைச்சலில் களைத்தவர்கள், வங்கி நீட்டும் தாளில் எத்தனை ஆண்டு என்று பார்க்காமலே கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். 35 வயதில் தொடங்கும் 30 ஆண்டுக் கடன், 60 வயதில் ஓய்வுபெறும் ஒருவரை ஓய்வூதியத்திலும் ஐந்து ஆண்டு துரத்தும்.

பழைய ஒற்றியில் காணியின் பலனே வட்டியாகப் போனது. பாட்டன் வைத்த ஒற்றியைப் பேரன் மீட்டாலும் முதல் வளரவில்லை. இன்றைய ஈட்டுக்கு அந்த இரக்கம் கிடையாது.

ஆகவே முதலில் ஓர் அறையும் குசினியும் விறாந்தையும் கட்டிக் குடிபூருங்கள். 30 இலட்சத்தில் முடியுமானால் 50 கேட்க வேண்டாம். அதே 12 சதவீதத்தில் 30 இலட்சத்தை 15 ஆண்டில் அடைக்க 36,000 ரூபா போதும். 50 இலட்சத்தை 40 ஆண்டுக்கு இழுப்பவரின் தவணையைவிட அது 14,000 ரூபா குறைவு. மற்ற அறைகளை அந்தக் கடன் இறங்க இறங்கக் கட்டலாம்.

வங்கியிடம் கேட்க வேண்டியது கூடுதல் ஆண்டல்ல. வட்டி எத்தனை ஆண்டுக்கு மாறாது, வெளிநாட்டுக் காசோ சீட்டுக் காசோ வரும்போது முன்கூட்டி அடைத்தால் கட்டணம் அறவிடுவீர்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அரசிடம் கேட்க வேண்டியதும் அதுதான். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் கடன் கொடுக்கவென 1979இல் தொடங்கிய அரச ஈட்டு முதலீட்டு வங்கி, முதல் வீடு கட்டுவோருக்குப் பத்து ஆண்டு மாறாத வட்டியையும் கட்டணமில்லா முன்னடைப்பையும் தர வேண்டும். வடக்கிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர்கள் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது.